மைக்கில் சொல்லாமல் போன நாள்

கருக்களாச்சேரிக்குள் ரீட்டா சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தது இதுதான் முதல் தடவை.

போன வாரம் காவ்யாவின் பள்ளிக்கூடத்து தஹ்ஸீன் டீச்சர் போனில் கேட்ட ஒரு கேள்வியோடு அவளை நிறுத்திவிட்டு வந்தோம். "காவ்யா ஸ்கூலுக்கு வந்து ரொம்ப நாளாச்சு ரீட்டா. நீ எழுதுறதுல அதெல்லாம் வருதா?" வரவில்லை. ரீட்டா எழுதியதில் காவ்யா ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். போனை வைத்ததிலிருந்து ரீட்டாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வாரம்தான் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. காரைக்காலில் ஒரு குழந்தைகள் இல்லம் இருந்தது. பிள்ளைகள் இல்லத்தில் வளர்வதைவிட உறவுக்காரர் வீட்டில் வளர்வதுதான் நல்லது என்று பெரிய இடத்தில் முடிவாகி, மாமா வீடு, சித்தி வீடு என்று ஒவ்வொருவராக அனுப்பிவைத்தார்கள். போன பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று மாதா மாதம் பார்த்து எழுதுகிற ஆய்வில் ரீட்டாவுக்கு வேலை. அந்த வேலையில் அவளுக்கு உயிர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மடியில் ஒன்று இல்லாதவள் ஊரான் பிள்ளைகள் பின்னால் அலைகிறாள் என்று பேசியவர்கள் உண்டு. பேசியவர்களில் முதல் ஆள் அவள் மாமியார் அற்புதம்.

காவ்யாவுக்குப் பதினோரு வயசு. அம்மா இல்லை. கேரளாப் பக்கம் மீன்பிடி போட்டுக்குப் போன அப்பா அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். இல்லத்திலிருந்து அவளைக் கருக்களாச்சேரி என்ற மீனவர் ஊரில் தாய்மாமன் அம்பலவாணன் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த ஊரில் ஒரு முறை உண்டு. வெளியாள் யாராவது வீட்டுக்கு வீடு போய் விசாரிப்பதென்றால் முதலில் பஞ்சாயத்தாரிடம் சொல்லவேண்டும். முதல்நாள் சாயங்காலமே கோயில் மைக்கில் சொல்லிவிடுவார்கள். 'நாளைக் காலையில புள்ளைங்களப் பாக்க மேடம் வர்றாங்க, சம்பந்தப்பட்டவங்க வீட்டுல இருங்க.' ரீட்டாவுக்கு இந்த மரியாதை பிடித்திருந்தது. போகிற வீடு பூட்டிக் கிடக்காது. புதுச்சேரியில் இருக்கும் அவள் மேலதிகாரி டாக்டர் சிவப்ரியாவும் ஊரின் ஒத்துழைப்பை மெச்சினார். மைக் போட்டுச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்ப்பது என்ன பார்வை என்று இருவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நமக்கும்தான் உறைக்கவில்லை, இத்தனை வாரமாகக் கூடவே வந்துகொண்டிருந்தோமே!

வலைக்கூடத்தில் உட்கார்ந்திருந்த பஞ்சாயத்தார் சுந்தரமூர்த்தி அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்னம்மா, சொல்லவே இல்லையே?"

"வேலையா வரலைங்க. சும்மா எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு."

"சும்மான்னாலும் ஒரு வார்த்த சொல்லிட்டு வர்றதுதானேம்மா மொற? நாளைக்கு வாங்களேன். மைக்ல சொல்லி வைக்கிறேன்."

"பரவால்லைங்க" என்று சொல்லிவிட்டு ரீட்டா நடந்தாள். அவர் தடுக்கவில்லை. தடுக்கிற மனுஷரும் இல்லை. முகம் மட்டும் சுருங்கிப்போயிற்று.

அம்பலவாணன் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி குஞ்சம்மாள் காரைக்காலில் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் திரும்பி, காலிக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"காவ்யா எங்கண்ணே?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கு மேடம்."

"நான் ஸ்கூல்லேருந்துதான் வர்றேன்."

அது பொய். அவள் நேராக வீட்டிலிருந்து வந்திருந்தாள். அம்பலவாணன் தலையைக் குனிந்துகொண்டு, அவிழ்ந்த முடிச்சையே மறுபடி அவிழ்த்தார். உள்ளே கொடியில் காவ்யாவின் யூனிபார்ம் இஸ்திரி மடிப்புக் கலையாமல் தொங்கியது. மாதா மாதம் அந்த யூனிபார்மில்தான் அவள் வந்து ரீட்டாவின் முன்னால் உட்காருவாள்.

"புள்ள எங்கண்ணே?"

குஞ்சம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "என்னா மேடம் நீங்க, ஒண்ணும் தெரியாதமாரி கேக்குறீங்க? ஒங்க மாமியாரப் போயிக் கேளுங்க!"

"எங்க மாமியாரையா?"

"நாகப்பட்டினத்துல ஒங்க நாத்தனாரு கைப்புள்ளையப் பாத்துக்க ஒரு பொண்ணு வேணும்னு அவங்கதானே கேட்டாங்க? மீன் வாங்கையில எல்லாம் அதே பேச்சு. நாங்களா தேடிப்போயி விட்டோம்?"

குஞ்சம்மாளை அந்தத் தெருவுக்கே கூப்பிட்டது ரீட்டாதான். 'எங்க மாமியாருக்கு மீன்னா உசுரு, எங்க பக்கமும் வாங்க' என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"எனக்குத் தெரியாது குஞ்சம்மா. மாதா மேல சத்தியமாத் தெரியாது."

குஞ்சம்மாள் நம்பவில்லை. கூடையைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு அவள் குரல் இறங்கியது.

"ஒங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னுதான் நெனச்சோம் மேடம். நீங்க மொத நாளே மைக்ல சொல்லச் சொல்றதே, புள்ளைய வரவழைச்சு வைக்கட்டும்னுதானே? மேடத்துக்குப் பெரிய மனசு, வீட்டுக் காரியத்தையும் விட்டுக்குடுக்காம எங்களையும் காட்டிக்குடுக்காம நடந்துக்கிறாங்கன்னு நானும் இவரும் பேசிக்குவோம்."

ரீட்டா காட்டிய மரியாதையை அவர்கள் சாடை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் மைக் சத்தம் கேட்டதும் போன் போகும். காலையில் முதல் பஸ்ஸில் காவ்யா வந்து இறங்கி, யூனிபார்மை மாட்டிக்கொண்டு, தலை சீவி உட்காருவாள். ரீட்டா பார்த்துச் சந்தோஷப்பட்டு எழுதிக்கொண்டு போனதும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள்.

"நான் போயிக் கூட்டிட்டு வர்றேன்" என்றாள்.

அம்பலவாணன் வலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். "இங்க கொண்டாந்து விட்றாதீங்க மேடம். எனக்கு மூணு பொட்டப் புள்ளைங்க. கடல்ல மீன்பாடு இல்ல. அங்கயாச்சும் மூணு வேளைச் சோறு கெடைக்குது." சொல்லிவிட்டு அவர் அழுதார். அக்கா மகளை வேலைக்கு அனுப்பியவர் அழலாமா என்று கேட்பீர்கள். அழுதார், அவ்வளவுதான்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது ரீட்டா சிவப்ரியாவுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் பெருமூச்சு விட்டார்.

"நாகப்பட்டினம் தமிழ்நாடு ரீட்டா. நம்ம புதுச்சேரி எல்லை வாஞ்சூரோட முடிஞ்சிடுது. அந்த ஊர் குழந்தைகள் நலக் கமிட்டிக்கு நம்ம கமிட்டி எழுதணும். அவங்க விசாரிக்கணும். முதல்ல நீ எழுத்துல குடுக்கணும், யார் வீடு, யார் வேலைக்கு வச்சாங்கன்னு."

"அதுக்குள்ள வேற எங்கயாவது மாத்திட்டா?"

"மாத்தலாம்."

"நானே போயிக் கூட்டிட்டு வந்துடுறேன் மேடம். எங்க விடுறது?"

"இல்லத்தத்தான் மூடியாச்சே. நம்ம அறிக்கையப் பாத்துட்டுத்தானே மூடுனாங்க, வீட்டுக்குப் போன பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்காங்கன்னு. உனக்கு ஞாபகம் இருக்கா, அதுல முதல் உதாரணமே காவ்யாதான்."

"தெரியும் மேடம். நான்தானே எழுதினேன்."

"புதுச்சேரில ஒரு இடம் இருக்கு. இடமில்லன்னுதான் சொல்றாங்க. கேட்டுப் பாக்குறேன். நம்பிக்கை வச்சுக்காத."

சிவப்ரியா கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் என்று கைகாட்ட ஒருவர் கிடைத்திருந்தால் எனக்கும் எழுத வசதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்குள் நுழையும்போது அற்புதம் அரிவாள்மணையில் உட்கார்ந்து, காலையில் குஞ்சம்மாளிடம் வாங்கிய கெளுத்தியை ஆய்ந்துகொண்டிருந்தார். மருமகளின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் கையை நிறுத்தவில்லை.

"போயிட்டு வந்துட்டியா?"

"ஏன் அத்தை இப்படிப் பண்ணினீங்க?"

"நான் என்னா கொலையா பண்ணிப்புட்டேன்? எம் பொண்ணு பெனிட்டா வேலைக்குப் போவணும். புள்ளையத் தூக்கி வச்சிக்க ஒரு ஆளு வேணும். அந்தப் பொண்ணுக்குச் சோறு வேணும்."

"பதினோரு வயசு அத்தை."

"நான் அந்த வயசுல மூணு தம்பிமாரத் தூக்கி வளத்தேன்."

"அது உங்க தம்பிங்க."

அற்புதம் மீனைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "நீ மாசா மாசம் போயி என்னம்மா பண்ணுன? எழுதுன. நான் சோறு போட வழி பண்ணுனேன். ரெண்டுல எது அந்தப் புள்ளைக்கு வயித்துல எறங்குச்சு, சொல்லு."

அதில் கொஞ்சம் உண்மையும் இருந்ததுதான் கொடுமை.

"நான் ஒவ்வொரு தடவையும் வந்து உங்ககிட்டத்தானே சொல்லுவேன்? காவ்யா மொகம் தெளிஞ்சிருக்கு, உடம்பு தேறிடுச்சுன்னு. நீங்க கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

"கேட்டேன். எனக்கும் சந்தோஷமாத்தாம்மா இருந்துச்சு." அற்புதம் இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னார். ரீட்டாவுக்கு அதற்குப் பிறகு சண்டை போடவும் தெம்பில்லை.

ரீட்டாவின் புருஷன் டைட்டஸ் வந்து சேர்ந்தான். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளை எடை போடுகிற இடத்தில் அவனுக்கு வேலை. அம்மா ஒரு பக்கம் போன் போட்டு, பெண்டாட்டி ஒரு பக்கம் போன் போட்டு, பாதி ஷிப்டில் சொல்லிவிட்டு வந்திருந்தான். சட்டையில் கரித்தூள். முகம் கழுவக்கூட இல்லை.

"எழுதிக் குடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல."

"குடுக்காத ரீட்டா. மாப்பிள்ளை கவர்மென்ட் வேலையில இருக்காரு. கேஸுன்னு வந்தா வேலை போயிடும். என் தங்கச்சி கைப்புள்ளையோட நடுத்தெருவுல நிப்பா. வா, ரெண்டு பேரும் போயி அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வந்துடுவோம். சத்தமில்லாம முடிஞ்சிடும்."

"கூட்டிட்டு வந்து?"

"மொதல்ல கூட்டிட்டு வருவோம்."

"கூட்டிக்கிட்டு இங்க வந்துடப் போறீங்க" என்றார் அற்புதம். "பெத்துக்க வழியில்லன்னு ஊரான் புள்ளையக் கொண்டாந்து வச்சிக்கிட்டாங்கன்னு நாலு பேரு பேசுறத என் காதால நான் கேக்க மாட்டேன். சொல்லிப்புட்டேன்."

டைட்டஸ் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ரீட்டா எழுதிக் கொடுக்கவில்லை. காவ்யாவுக்காகவா, புருஷனுக்காகவா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

வாஞ்சூரில் லாரிகள் வரிசையாக நின்றன. கரித்தூள் கண்ணில் விழுந்தது. ரீட்டா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வண்டி நாகூரைத் தாண்டியது. பெனிட்டா குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்க அவளைக் கூப்பிடாமல் வேறொருத்தியைக் கூப்பிட்ட பிறகு, ரீட்டா நாத்தனார் வீட்டுப் படியேறவில்லை. அந்தக் கோபம் மட்டும் இல்லாதிருந்தால் எப்போதோ போயிருப்பாள், காவ்யாவை அங்கே பார்த்திருப்பாள். வழியெல்லாம் இதையே நினைத்து நினைத்துக் குமைந்தாள்.

நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் பெனிட்டாவுக்கு மாடிப் போர்ஷன். கதவைத் திறந்தது காவ்யாதான்.

இடுப்பில் குழந்தை இருந்தது. கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விரல்கள் சோப்புத் தண்ணீரில் ஊறித் தோல் உரிந்திருந்தன. ரீட்டாவைப் பார்த்ததும் பயந்து ஒரு எட்டு பின்னால் போனாள். பிறகு குழந்தையைச் சரியாகத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்று, ஒருவரும் கேட்காமலே ஆரம்பித்துவிட்டாள்.

"நான் நல்லா இருக்கேன் மிஸ். மூணு வேளையும் சாப்பிடுறேன். தினமும் ஸ்கூலுக்குப் போறேன். யாரும் அடிக்கல. நைட்டு பயமில்லாமத் தூங்குறேன். யாருகிட்டயாவது ஏதாவது சொல்லணும்னு தோணுச்சுன்னா மிஸ்கிட்ட சொல்லுவேன்."

ரீட்டா மாதா மாதம் கேட்கிற கேள்விகளுக்கு உரிய பதில்கள், அதே வரிசையில். எப்படி இருக்கிறாய் என்று கேட்டுக் கேட்டு, அதற்குப் பதில் சொல்ல அந்தப் பிள்ளையைப் பழக்கிவிட்டிருக்கிறாள்.

பின்னாலிருந்து பெனிட்டா வந்தாள். தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். புடவைத் தலைப்பில் சாக்பீஸ் தூள் இருந்தது. "வாங்க அண்ணி. வாங்கண்ணே. அம்மா போன் பண்ணுனாங்க." இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒருவரும் உட்காரவில்லை.

"டீச்சர் நீ" என்றாள் ரீட்டா. "இத்தனை பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்திட்டு வந்து, எப்படி இவ மூஞ்சியில முழிக்கிற?"

"அடிச்சேனா அண்ணி? வஞ்சேனா? என்னோட உக்காந்துதான் சாப்பிடுறா. அடுத்த வருஷம் ஸ்கூல்ல சேக்கிறேன்னுதான் இருந்தேன். நீங்க யாராவது வந்து ஒரு நாள் என் புள்ளையத் தூக்குனீங்களா? காய்ச்சல்ல கெடந்தப்ப வந்தீங்களா? நான் யாரத்தான் நம்பி வேலைக்குப் போறது?" பேசப் பேச அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. கமிட்டி, போலீஸுன்னு மட்டும் போயிடாதீங்க அண்ணி. உங்க கால்ல விழுறேன்."

"காவ்யா, கெளம்பு. போலாம்."

காவ்யா ஒரு நிமிஷம் நம்பாமல் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பெனிட்டாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். ஓடுகிற சத்தம் கேட்டபோதுதான் ரீட்டாவுக்கு, இவள் ஒரு சின்னப் பெண் என்பதே மறுபடி ஞாபகம் வந்தது. ஒரு கட்டைப்பையோடு திரும்பி வந்து செருப்பை மாட்டினாள்.

"எங்க மிஸ்? இல்லத்துக்கா?"

"இல்லத்த மூடிட்டாங்கம்மா."

"அப்ப அங்க இருந்தவங்கள்லாம்?"

"வீட்டுக்குப் போயிட்டாங்க."

காவ்யா யோசித்தாள். "மாமா வீட்டுக்கா?"

ரீட்டா வாயைத் திறந்தாள். அம்பலவாணன் அழுத முகம் முன்னால் வந்து நின்றது. வார்த்தை வரவில்லை. காவ்யாவுக்கு அது போதுமாக இருந்தது. அவள் பார்வை ரீட்டாவிடமிருந்து டைட்டஸிடம் போயிற்று. அந்தக் கண்ணில் வந்த வெளிச்சத்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

"உங்க வீட்டுக்கா மிஸ்?"

ரீட்டா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவனிடம் அவள் நகை கேட்டதில்லை, தனிக்குடித்தனம் கேட்டதில்லை. இதைத்தான் கேட்டாள், வாயைத் திறக்காமல். டைட்டஸ் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்தான்.

"அம்மா இருக்காங்களே ரீட்டா" என்றான், மெதுவாக.

"ரெண்டு நாளைக்குங்க. மேடம் புதுச்சேரில கேக்குறாங்க."

"அங்கதான் இடமில்லன்னு சொன்னியே. ரெண்டு நாளைக்கு அப்புறம்?"

மெதுவாகத்தான் பேசினார்கள். ஆனால் காவ்யா அடுத்தவர் வீட்டில் இருந்து பழகிய பிள்ளை. மெதுவாகப் பேசுகிற பேச்சுத்தான் அவளுக்கு முதலில் கேட்கும். செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். கட்டைப்பையைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். பெனிட்டாவின் தோளில் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தையைக் கை நீட்டி வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதுவும் அவளிடம் வந்ததும் அழுகையை நிறுத்தியது.

"பரவால்ல மிஸ்" என்றாள். "நல்லா இருக்கேன்னே எழுதிக்குங்க."

டைட்டஸ் முதலில் படியிறங்கினான். ரீட்டா எப்படி இறங்கி வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டு அவன் திரும்பினான்.

"ஏறு."

ரீட்டா ஏறவில்லை.